ஒரே ஊசி ஆபரேஷன் முடியும்வரை தாங்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. பி.பி., சுகர் இரண்டும் உண்டு. அடுத்த வாரம் இங்கே மும்பையில் பித்தப்பை ஆபரேஷன். ஊசி போட்டதும் தூங்கிவிடுவார் என்கிறார்கள். ஒரே ஊசி முழு நேரமும் தாங்குமா? அம்மாவுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அந்த வெள்ளை மருந்தில் முட்டை உண்டாமே?
– செம்பூர் வாசகர்

பதில்: தாங்காது, தாங்கவும் வேண்டியதில்லை. பால் போல இருக்கும் அந்த மருந்து புரோபோஃபால். நரம்பில் ஏறும்போது கை கொஞ்சம் எரியும். ஒரு நிமிடத்துக்குள் தூக்கம் வந்துவிடும். அதோடு விட்டுவிட்டால் ஐந்து, பத்து நிமிடத்தில் விழித்துவிடுவார். அதற்குள் மருந்து உடம்பை விட்டுப் போயிருக்காது. மூளையிலிருந்து இறங்கித் தசைக்கும் கொழுப்புக்கும் பரவியிருக்கும், அவ்வளவுதான். அதனால் தூக்கம் கலையாமலிருக்க பம்ப் வைத்து அதே மருந்தை விடாமல் ஏற்றுவார்கள், அல்லது செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவை மூச்சு வழியே கொடுப்பார்கள். வலிக்கு ஃபென்டனில், தசை தளர இன்னொன்று என்று மற்றவை தனி. மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை தலைமாட்டிலேயே இருந்து அளவைக் கூட்டிக் குறைப்பார். நடுவில் நினைவு திரும்புவது மிக அபூர்வம்.

எனக்கு உங்கள் அம்மாவின் பி.பி.தான் பெரிய விஷயமாகப் படுகிறது. புரோபோஃபால் பி.பி.யை இறக்கும். இளவயதினருக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் போல என்றால், இந்த வயதில் 1 முதல் 1.5 வரைதான், அதுவும் மெதுவாக. இதயம் பலவீனமென்றால் அதற்குப் பதிலாக எட்டோமிடேட் என்ற தூக்க ஊசியை யோசிப்பார்கள்; அது பி.பி.யை அவ்வளவாக அசைக்காது, ஆனால் உடம்பு நெருக்கடியைச் சமாளிக்க ஹார்மோன் சுரக்கும் அட்ரினல் சுரப்பியைச் சில மணி நேரம் அடக்கிவைக்கும். கெட்டமின் என்ற இன்னொரு தூக்க ஊசி பி.பி.யை ஏற்றும் என்பதால் இவருக்கு முதல் தேர்வாக இருக்காது.

முட்டையா? அதிலிருப்பது மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள். ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக்கருப் புரதத்தால் வருவது. எனவே பெரும்பாலோருக்குப் பிரச்சினையில்லை. ஆனால் முட்டை சாப்பிட்டு முகம் வீங்கியோ மூச்சுத் திணறியோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய மயக்க மருந்துப் பரிசோதனைக்கு நீங்களும் போங்கள். டாக்டர் இந்தியில் கேட்பார், அம்மா எல்லாவற்றுக்கும் ‘ஹான், ஹான்’ என்று தலையாட்டிவிடுவார்! மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். டெல்மிசார்டான் என்ற பி.பி. மாத்திரையைப் பல டாக்டர்கள் அன்று காலை வேண்டாம் என்பார்கள். சுகர் மாத்திரையின் பெயர் ‘ஃப்ளோசின்’ என்று முடிந்தால் மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்; ஆகவே இன்றே கேட்டுவிடுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஆடும் பல், பல்செட் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்புறம், வேறு மாதிரி சொல்லாவிட்டால், சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. பால் சேர்த்த காபி சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும்.