கையைக் கவிழ்க்கத் தெரிந்தால் போக்கர் பாதி வந்துவிடும்

கேள்வி: எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். வேலைக்குத் தினமும் கோயம்புத்தூர் போய் வருகிறேன். சனிக்கிழமை ராத்திரி மச்சான் தோப்பில் ஆறு பேர் உட்கார்ந்து போக்கர் ஆடுவோம், டெக்சாஸ் ஹோல்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு கீழே. காசு கிடையாது, ஆளுக்கு 200 புளியங்கொட்டை. 28 சீட்டாட்டத்திலும் ரம்மியிலும் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. போக்கரில் மட்டும் பத்து மணிக்குள் என் கொட்டை தீர்ந்துவிடுகிறது. போன வாரம் என் கையில் ஆட்டீன் ஒன்பது, ஆட்டீன் ஆறு. கீழே திறந்த மூன்று சீட்டு ஆட்டீன் ராஜா, ஆட்டீன் மூன்று, ஸ்பேட் ராணி. இன்னொரு ஆட்டீன் வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ். நடுவில் 40 கொட்டை இருந்தது. மச்சான் 40 வைத்தார், நானும் வைத்தேன். அடுத்த சீட்டு ஆட்டீனாக வரவில்லை. அவர் 60 வைத்தார், அதையும் வைத்தேன். கடைசிச் சீட்டும் வரவில்லை. "இது அதிர்ஷ்ட ஆட்டம்டா" என்கிறார் மச்சான். உண்மையா? கற்றுக்கொள்ள வழி உண்டா? தேறிவிட்டால் போனில் காசு வைத்து ஆடலாமா?

பதில்: அன்புத் தம்பிக்கு,

உங்களுக்கு ஆடத் தெரியாமல் இல்லை. 28 நன்றாக ஆடுகிறவருக்கு வருகிற பழக்கக் கோளாறுதான் இது. நானும் 28 ஆடி வளர்ந்தவன், போக்கரில் எனக்கும் இதேதான் நடந்தது. 28இல் எட்டுச் சீட்டு கைக்கு வந்தால் எட்டையும் ஆடியே தீர வேண்டும். கை மோசமென்றாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளி ஒரு ஜாக்கியைப் போட்டுத் தூக்கிவிடுவார். போக்கரில் கூட்டாளி கிடையாது, வந்த கையை ஆடவேண்டிய கட்டாயமும் கிடையாது. ரம்மியில் முதல் சுற்றிலேயே டிராப் செய்து 20 புள்ளியோடு தப்பிப்பீர்களே, அந்தப் புத்திதான் இங்கே வேண்டும். அதுவும் ரம்மியைப்போல எப்போதாவது அல்ல, ஆறு பேர் ஆடும் இடத்தில் ஐந்து கைக்கு நான்கு கையாவது முதலிலேயே கவிழ்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் யார் எந்தக் கையோடு எவ்வளவு வைக்கிறார் என்று கவனியுங்கள்.

எதை ஆடலாம்? 52 சீட்டில் இரண்டிரண்டாக 1,326 விதமாக வரலாம். இனத்தைப் பெரிதாகப் பார்க்காமல் சுருக்கினால் 169 வகை. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறைதான் வரும், அதற்காகக் காத்திருக்க முடியாது. முதலில் பேசவேண்டிய இடத்தில் இருந்தால் ஏழுக்கு மேற்பட்ட ஜோடிகள், ஏஸோடு ராஜாவோ ராணியோ, ஒரே இனத்தில் ராஜா ராணி, இவ்வளவு போதும். கடைசியாகப் பேசும் இடம், அதாவது டீலர் இடம், உங்களுக்கு வரும்போது கொஞ்சம் தாராளமாக ஆடலாம். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தானே முடிவு செய்கிறீர்கள்? சின்ன ஜோடி, ஏஸோடு அதே இனத்தில் ஏதாவது ஒன்று, ஒரே இனத்தில் எட்டு ஒன்பது மாதிரி அடுத்தடுத்த சீட்டு எல்லாம் அங்கே சரி. முதல் இடத்தில் அவற்றைத் தொடாதீர்கள். உங்கள் ஒன்பதும் ஆறும் எந்த இடத்திலும் எனக்குச் சம்மதமில்லை. இரண்டும் ஒரே இனம் என்பதில் மயங்கிவிட்டீர்கள். அப்படி இரண்டு கையில் இருந்தாலும், முதல் மூன்று சீட்டிலேயே ஃப்ளஷ் முடிவது நூற்றுக்கு ஒருமுறைகூட இல்லை.

சரி, இனி அந்தக் கை. ஆட்டீன் மொத்தம் 13. உங்களிடம் இரண்டு, கீழே இரண்டு, பாக்கி ஒன்பது. நீங்கள் பார்க்காத சீட்டு 47. ஆக, அடுத்த சீட்டு ஆட்டீனாக இருக்க 47க்கு 9, ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. இப்போது விலையைப் பாருங்கள். நடுவில் 40, மச்சான் வைத்தது 40, நீங்கள் வைக்கவேண்டியது 40. மொத்தம் 120இல் உங்கள் பங்கு மூன்றில் ஒன்று. ஐந்துக்கு ஒருமுறை வருகிற சீட்டுக்கு, மூன்றுக்கு ஒருமுறையாவது வந்தால்தான் கட்டுப்படியாகிற விலை கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த சுற்றில் நடுவில் 120, அவர் 60, நீங்கள் 60. மொத்தம் 240இல் நான்கில் ஒன்று. வாய்ப்போ 46க்கு 9, இன்னமும் ஐந்துக்கு ஒன்றுதான். அதுவும் நஷ்டக் கணக்கு. அந்த 120க்கு மச்சான் வெறும் 20 வைத்திருந்தால் எட்டில் ஒரு பங்குதான் விலை, யோசிக்காமல் வைத்திருக்கலாம். ஃப்ளஷ் வந்தபின் அவரிடம் இன்னும் கொஞ்சம் கறக்கலாமே என்பீர்கள். கறக்கலாம், ஆனால் கீழே மூன்று ஆட்டீனைப் பார்த்தபிறகு அவர் சும்மா வைக்கமாட்டார். அவர் கையில் பெரிய ஆட்டீன் இரண்டு இருந்தால் உங்கள் ஒன்பது அங்கேயும் தோற்கும்.

ஆடும்போது இவ்வளவு வகுத்துப் பார்க்க முடியாது. வரவேண்டிய சீட்டை எண்ணி, இன்னும் ஒரு சீட்டுதான் பார்ப்பீர்கள் என்றால் இரண்டால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட சதவீதம் வந்துவிடும். மேற்கொண்டு எதுவும் வைக்காமல் இரண்டு சீட்டையும் பார்க்க முடிந்தால் நான்கால் பெருக்குங்கள். ஒன்பது சீட்டுக்கு 18, 36. சரியான கணக்கு 19, 35. தோப்பு வெளிச்சத்துக்கு இது போதும்.

அப்புறம், பொய்க்கை. ப்ளஃப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். புளியங்கொட்டை வைத்து ஆடும் இடத்தில் யாரும் சுலபமாகக் கவிழ்க்கமாட்டார்கள், அதனால் அங்கே ப்ளஃப் வேண்டாம். நல்ல கை வந்தால் தயங்காமல் நிறைய வையுங்கள், எப்படியும் யாராவது ஒருவர் பின்னால் வருவார்.

அதிர்ஷ்டமா என்றால், ஒரு ராத்திரிக்கு மச்சான் சொல்வது சரி, ஒரு வருஷத்துக்குத் தப்பு. ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில் 1968இல் சுப்ரீம் கோர்ட் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது, மூணு சீட்டு அப்படியல்ல என்றது. 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட் போக்கரையும் ரம்மியோடு சேர்த்துத் திறமை ஆட்டம் என்று சொன்னது. ஆனால் போனில் காசு வைத்து ஆட இதைக் காரணமாக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் பார்லிமென்டில் நிறைவேறிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. மத்தியச் சட்டம் என்பதால் கேரள-தமிழக எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்ற பேச்சும் இல்லை. இன்னும் காசு கேட்கிற ஆப் ஏதாவது போனில் வந்தால் அது சட்டத்துக்கு வெளியே நடப்பது, அங்கே பணம் மாட்டிக்கொண்டால் கேட்க நாதி இல்லை. கொட்டையிலேயே ஆடுங்கள் தம்பி, கணக்கு ஒன்றுதான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். சீட்டுக்கட்டிலிருந்து அந்த ஐந்து சீட்டையும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். மீதி 47ஐ நன்றாகக் கலைத்து மேல் சீட்டைத் திருப்புங்கள், ஆட்டீனா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி கலையுங்கள். இப்படி ஐம்பது தடவை. சனிக்கிழமை தோப்புக்குப் போகுமுன் எத்தனை ஆட்டீன் வந்தது என்று கூட்டிப் பார்த்து, எண்ணிக்கையை எனக்கும் எழுதுங்கள்.