போர் தண்ணீரில் கார் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழுகிறதே, என்ன செய்வது?

அது அழுக்கு இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்பு. நீர் ஆவியானதும் பெயின்டில் தங்கிவிடுகிறது. ஆகவே சொட்டு தானாகக் காய விடக்கூடாது.

விடியற்காலையில், நிழலில், பானெட் தொட்டால் சூடில்லாதபோது கழுவுங்கள். நுரை காயுமுன் பகுதி பகுதியாக அலசுங்கள். கடைசியில் ஹோஸ் முனையைக் கழற்றி மெல்ல ஓடவிட்டால் தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கும், சொட்டு அதிகம் நிற்காது. அதன்மேல் 5 லிட்டர் மழைநீரோ ஆர்.ஓ. குடிநீரோ ஊற்றினால் இன்னும் நல்லது. ஆர்.ஓ. கழிவுநீர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில்தான் உப்பு அதிகம்.

உடனே மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு மெல்ல இழுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். பக்கக் கண்ணாடி இடுக்கில் நின்ற நீர் 10 நிமிடம் கழித்துக் கதவில் வழியும், அதையும் ஒற்றியெடுங்கள்.

பழைய புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து 1 நிமிடம் ஒற்றி, நன்றாக அலசுங்கள்.