குரலுக்கு ஒரு பில், எழுத்துக்கு ஒரு பில்

கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன். வயது 32. ஆறு ஆண்டுகளாகச் சுயேச்சையாகப் பின்னணிக் குரல் கொடுத்துவருகிறேன். விளம்பரம், நிறுவனங்களின் பயிற்சிக் காணொளி, தொலைபேசியில் ஒலிக்கும் பதிவுக் குரல் என்று வேலை வருகிறது. ஆனால் எழுத்தாளராக வேண்டும் என்பதே என் ஆசை. ஏழு சிறுகதைகள் வெளியாகியுள்ளன. ஒரு நாவல் இரண்டு ஆண்டுகளாகப் பாதியில் நிற்கிறது. இப்போது ஓர் ஒலிக்கதை நிறுவனம், 40 பகுதித் தொடர் ஒன்றை நானே எழுதி நானே வாசித்துத் தரச் சொல்கிறது. மொத்தமாக ஒரு தொகை. எல்லா உரிமைகளும் அவர்களுக்கு. ஏற்கலாமா? குரல் வேலையைக் குறைத்துக்கொண்டு முழுவதுமாக எழுத்துக்கு வந்துவிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதுதான். முதல் கேள்விக்கு, அவர்கள் சொன்ன வடிவில் ஏற்காதீர்கள். ஆனால் கதவைச் சாத்திவிடவும் வேண்டாம். வேறு வடிவில் ஏற்கக்கூடிய வேலை இது.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகுதிக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 40 பகுதிகள் 400 நிமிடம். கதை வாசிக்கும்போது தமிழில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள் போகும். ஆகவே உங்களிடம் கேட்கப்படுவது 40,000 சொற்கள். அது ஒரு நாவல். நாளொன்றுக்கு 500 சொற்கள் தவறாமல் எழுதினால்கூட 80 நாட்கள் ஆகும். திருத்தி எழுதுவது அதற்குப் பிறகு. ஒரு மணி நேர ஒலிப்புத்தகம் கையில் வரப் பதிவு, பிழை நீக்கம், ஒலிச் சீர்மை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். அப்படியானால் வாசிப்புக்கு நாற்பது மணி நேரம் போதும். எழுத்துக்கு மூன்று மாதம். அவர்கள் சொன்ன தொகை எதற்கான கூலி என்று பாருங்கள். குரல் கலைஞர்களுக்கு வரும் இத்தகைய அழைப்புகளில் பெரும்பாலும் வாசிப்புக்கான விலைதான் இருக்கும்; எழுத்து அதற்குள்ளேயே அடங்கிவிட்டதாக வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே பாதியில் நிற்கும் உங்கள் நாவல் இன்னும் ஓர் ஆண்டு நிற்பதற்கும் இதுவே காரணமாகிவிடும்.

அதனால் அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எழுத்துக்கும் குரலுக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனித் தொகை. இதில் மட்டும் தயங்காதீர்கள். நாளைக்கு அந்தக் கதையை வேறொருவர் குரலில் பதிவு செய்ய வேண்டி வந்தாலோ, இந்தியில் மொழிபெயர்க்க நினைத்தாலோ, எழுத்தின் விலை தனியாகத் தெரிந்திருந்தால்தான் உங்களால் பேச முடியும்.

அடுத்தது உரிமை. சட்டம் இங்கே நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாதச் சம்பளத்தில் இல்லாத ஒருவர் எழுதிய கதைக்கு முதல் உரிமையாளர் அவரே. யாரோ கேட்டு எழுதினோம் என்பதால் அது மாறிவிடாது. எழுத்துமூலம் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் பொருள்கொள்ள வேண்டும். 'எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும், உலகெங்கும்' என்று அவர்கள் எழுதுவதற்குக் காரணமே இதுதான். 2012இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியமானது. ஒலிப்பதிவில் இடம்பெற்ற எழுத்துக்குரியவர், அதன் பயன்பாட்டிலிருந்து வரும் உரிமத்தொகையில் (ராயல்டி) தமக்குள்ள சமபங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அதை நடைமுறையில் வாங்கிக்கொள்ள வழக்கறிஞர் துணை வேண்டியிருக்கலாம். ஆனால் பேச்சுவார்த்தையில் 'உரிமத்தொகையே கிடையாது' என்று அவர்கள் சொல்லும்போது, அது அவர்களுடைய விருப்பம், சட்டம் அல்ல என்று தெரிந்து உட்காருவதற்கும் தெரியாமல் உட்காருவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், தமிழ் ஒலிவடிவ உரிமையை மட்டும் ஐந்து ஆண்டுக்குக் கொடுப்பேன். அச்சு, மின்னூல், மொழிபெயர்ப்பு, திரை ஆகியவை என்னிடமே இருக்கும் என்று பெயர் சொல்லி எழுதுவேன். தலைப்பிலும் அறிவிப்பிலும் எழுதியவர் பெயர் வர வேண்டும் என்பதையும் சேர்ப்பேன். அவர்கள் அச்சு உரிமையை விடாப்பிடியாகக் கேட்டால், அதற்கான தொகையைத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

குரலைப் பற்றி ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும். இந்தப் பதிவைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிக்கவோ, என் குரலை நகல் செய்யவோ கூடாது என்று ஒரு வரி. 400 நிமிடச் சுத்தமான பதிவு, அதுவும் எழுத்து வடிவத்தோடு சேர்த்துக் கையில் இருந்தால், உங்கள் குரலை உருவாக்க அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் அவருடைய குரலை நகல் செய்யும் கருவிகளுக்கு எதிராக இடைக்காலத் தடை கொடுத்தது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் அதே ஆண்டில் ஒரு பாடலில் பயன்படுத்தியபோது குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். அரிஜித் சிங் புகழ்பெற்றவர், அதனால் நீதிமன்றம் விரைந்து கேட்டது. நமக்கு ஒப்பந்தத்தில் உள்ள அந்த ஒரு வரிதான் காவல். அவர்கள் அதற்கு மறுத்தால் இந்த வேலையே வேண்டாம்.

பணம் வந்து சேர்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசின் 'உத்யம்' தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. பதிந்தவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. பில்லின் அடியில் உங்கள் பதிவு எண்ணை அச்சிட்டு அனுப்பிப் பாருங்கள், கணக்குப் பிரிவின் பேச்சு மாறும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கையில் வரும் பயிற்சிக் காணொளி ஸ்கிரிப்டுகளில் பாதி, ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தவையாக இருக்கும். வாயில் நுழையாது. மைக் முன் நின்றுகொண்டே நீங்கள் அவற்றைத் திருத்தி வாசித்திருப்பீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே தொழிலில் இருக்கிறேன், இதைச் செய்யாத நல்ல குரல் கலைஞர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அது எழுத்து வேலை. அதற்கு நீங்கள் இதுவரை ஒரு ரூபாய்கூட வாங்கியிருக்க மாட்டீர்கள். அடுத்த முறை ஸ்கிரிப்டு வந்தவுடன் முதல் பத்தியை மட்டும் திருத்தி அனுப்புங்கள். 'மீதியையும் இப்படிச் செய்ய இவ்வளவு ஆகும், அப்படியே வாசிக்க வேண்டுமென்றால் அதற்கும் தயார்' என்று எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாடிக்கையாளர் பெரும்பாலும் பணம் கொடுத்துவிடுவார். எழுத்தினால் வரும் உங்களுடைய முதல் ஒழுங்கான வருமானம் சிறுகதையிலிருந்து வராது. சிற்றிதழ்கள் பலவும் சன்மானம் கொடுக்கும் நிலையில் இல்லை. அது இந்தத் திருத்த வேலையிலிருந்துதான் வரும்.

குரல் வேலையை விட வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணம் அல்ல. தி. ஜானகிராமனும் அகிலனும் மீ.ப. சோமுவும் வானொலியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது, உங்களுக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனால் நாள் முழுக்கக் காதால் மொழியைப் பார்க்கும் வேலை ஓர் எழுத்தாளருக்குக் கேடு செய்வதில்லை. எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறது, எந்தச் சொல்லில் பேச்சு இடறுகிறது என்பது உங்களுக்கு உடம்பிலேயே தெரியும். உரையாடல் எழுதும்போது அந்த அறிவு கைகொடுக்கும்.

அதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. நானே அதில் விழுந்தேன். இளவயதில் என் கதை ஒன்றை ஒரு கூட்டத்தில் வாசித்தேன். அவை அப்படியே அமைதியாகி, கடைசியில் நீண்ட நேரம் கைதட்டியது. அந்தத் தெம்பில் கதையை ஓர் இதழுக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. கோபத்தோடு எடுத்து வாயைத் திறக்காமல் கண்ணால் மட்டும் படித்தேன். தாயின் மரணத்தை எழுதியிருந்த இடத்தில் காகிதத்தில் ஒன்றுமே இல்லை. 'அவள் எழுந்திருக்கவில்லை' என்று ஒரு வரி. நான் அந்த வரிக்கு முன்னால் மூன்று விநாடி நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, கடைசிச் சொல்லை உடைத்து வாசித்திருந்தேன். அழவைத்தது அந்த மூன்று விநாடிதான். வாசகரிடம் என் தொண்டை போய்ச் சேராது.

உங்கள் நாவல் நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. எழுதி முடித்த பகுதிகளை உரக்க வாசித்துப் பார்ப்பீர்கள். நன்றாக இருப்பதுபோல் இருக்கும். ஆனால் ஏதோ குறைகிறது என்று மனம் சொல்லும், எங்கே என்று பிடிபடாது. பயிற்சி பெற்ற குரல் எந்த ஓட்டையையும் அடைத்துவிடும். ஆகவே உங்கள் எழுத்தை நீங்கள் வாசிக்காதீர்கள். வாசிப்பில் எந்தப் பயிற்சியும் இல்லாத ஒருவரிடம், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியிடமோ உங்கள் அக்காவிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லி, கையில் பென்சிலோடு கேளுங்கள். அவர் தட்டையாக வாசித்தும் உங்களை நிறுத்திய இடங்களே எழுதப்பட்ட இடங்கள். மற்றவை நீங்கள் நடித்தவை.

நேரத்தைப் பொறுத்தவரை, அலறல், அழுகை, சண்டை என்று தொண்டையைக் கசக்கிய டப்பிங் நாளுக்கு மறுநாள் குரலுக்கு ஓய்வு வேண்டும். அந்த நாளை இப்போதே எழுத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். வாய் மூடியிருக்க வேண்டிய நாளில் செய்யக்கூடிய ஒரே தொழில் நம்மிடம் அதுதான். மற்ற நாட்களில் பதிவுக்கு முன்பு எழுதுங்கள். விளம்பர வாசகத்தை இருபது முறை வெவ்வேறு தொனியில் சொன்ன பிறகு அந்த ராகம் மாலைவரை தலைக்குள் ஓடும், உங்கள் பாத்திரங்கள்கூட அதே தொனியில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த வாரம் அந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய பதில் நான்கு வரி போதும். எழுத்துக்கு இவ்வளவு, குரலுக்கு இவ்வளவு. தமிழ் ஒலியுரிமை ஐந்து ஆண்டு. குரல் நகலுக்கு அனுமதி இல்லை. முதல் தவணை வந்தபின் முதல் பகுதி. ஒன்றிரண்டு மாதிரிப் பகுதிகளை இலவசமாகக் கேட்டால், புதிதாக எழுதாமல் வெளியான உங்கள் சிறுகதைகளில் ஒன்றை வாசித்து அனுப்புங்கள். பதில் வருவதற்குள் நாவலின் எழுதி முடித்த கடைசி அத்தியாயத்தை அச்செடுத்து அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.