மூன்று மாத்திரைக்கும் இறங்காத பிரஷர்

கேள்வி: வயது 56. அம்லோடிபின் 5 மி.கி., டெல்மிசார்டன் 40, மெட்டோபுரோலால் 50 என மூன்று மாத்திரை போடுகிறேன். மூட்டுவலிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக். பிரஷர் 160/95-க்குக் கீழே வருவதே இல்லை. மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் என்பது இதுதானா?

பதில்: அந்தப் பெயர் வைக்க இன்னும் நேரம் வரவில்லை. மூன்று வகை மருந்துகளை உடல் தாங்கும் முழு அளவில் கொடுத்தும் இறங்காவிட்டால்தான் அப்படிச் சொல்வோம். அந்த மூன்றில் ஒன்று நீர் மாத்திரையாக, அதாவது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தாக, இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அதுவே இல்லை. அம்லோடிபினை 10 வரை, டெல்மிசார்டனை 80 வரை கூட்டவும் இடமிருக்கிறது. குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரையை 12.5 மி.கி. சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சேர்த்தால் சில வாரங்களில் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். மெட்டோபுரோலாலை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், துடிப்பும் பிரஷரும் எகிறும்.

எனக்குப் பெரிய சந்தேகம் டைக்ளோஃபெனாக் மேல்தான். அது உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, டெல்மிசார்டனின் வேலையைக் கெடுக்கும். நீர் மாத்திரையும் சேர்ந்தால் மூன்றும் கூடிச் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். வலிக்கு மாற்று வழி கேளுங்கள்.

அளப்பதையும் சரிபாருங்கள். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து 5 நிமிடம் பேசாமல் இருங்கள். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என 7 நாள் குறியுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். அது 135/85-ஐத் தொடாவிட்டால், மருத்துவமனையில் காட்டும் 160 பதற்றத்தால் ஏறியதாக இருக்கலாம்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் இறங்கவில்லை. பொட்டாசியம் இயல்பாக இருக்கும்போது ஆல்டோஸ்டிரோன் சோதனை எதற்கு?

பதில்: ஆல்டோஸ்டிரோன் என்பது உடலில் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும் ஹார்மோன். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி அதை அதிகம் சுரப்பவர்களில் பலருக்குப் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கும். குறைந்தால்தான் சோதிப்பது என்று காத்திருந்தால் அவர்களைத் தவறவிடுவோம். ஆல்டோஸ்டிரோன், அதைத் தூண்டும் ரெனின் இரண்டையும் ஒரே ரத்த மாதிரியில் அளந்து விகிதம் பார்ப்பார்கள். ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் மருந்தான ஸ்பைரோனோலாக்டோன் முடிவைக் குழப்பும் என்பதால், அதைத் தொடங்கும் முன்பே ரத்தம் கொடுப்பது நல்லது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் பிரஷரை ஏற்றும்; பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கச் சோதனையும் தேவை. இது அடிக்கடி விட்டுப்போகும் ஒன்று.

நான்காவது மருந்தாக வழக்கமாக வருவது ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. ஆண்களுக்கு மார்பு வீங்கி வலித்தால் அதே வகை மருந்தான எப்லெரினோனுக்கு மாற்றலாம்.

கேள்வி: சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாமா?

பதில்: ஸ்பைரோனோலாக்டோனோ டெல்மிசார்டனோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாற வேண்டாம். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம்; இந்த மருந்துகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அது ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறும். சாதாரண உப்பையே நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்துங்கள்.