அப்பாவோட வாட்ச், ஒரு மரப்பெட்டி - வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் வெளிநாட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. போன வாரம் ரெண்டு நாள் வீட்டுல இல்லாதப்ப ஜன்னலை நெம்பித் திறந்து உள்ள புகுந்திருக்காங்க. லேப்டாப், பாஸ்போர்ட், போன் ஒண்ணு, எல்லாம் போச்சு. அது போகட்டும். அப்பாவோட கைக்கடிகாரம் போயிடுச்சு. அவர் எனக்கு எழுதின லெட்டரெல்லாம் ஒரு சின்ன மரப்பெட்டியில வெச்சிருந்தேன், நகைப்பெட்டின்னு நினைச்சாங்களோ என்னவோ அதையும் தூக்கிட்டாங்க. அப்பா இறந்து மூணு வருஷம். இங்க எல்லாரும் "பொருள்தானே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" ங்கறாங்க. நிஜம்தான், ஆனா ராத்திரியில தூக்கம் வரல. இதுக்குப் போய் இப்படி அழறது தப்பா? திரும்பக் கிடைக்குமா? அம்மாகிட்ட இன்னும் சொல்லல, சொல்லணுமா?

(பெயர் வேண்டாம்)

தம்பிக்கு,

கடிதம் நேத்து ராத்திரி வந்துச்சு, அவசரமான ரெண்டு விஷயத்தை உடனே தனியா எழுதி அனுப்பிட்டேன், மத்தவங்களுக்கும் உதவும்னு எல்லாத்தையும் இங்க விரிவா எழுதறேன்.

முதல்ல அந்தப் பெட்டி. திருடுறவங்க காகிதத்தை வெச்சுக்க மாட்டாங்க. திறந்து பார்த்து உள்ள லெட்டர்தான்னு தெரிஞ்சதும் போற வழியிலேயே எங்கயாவது வீசிட்டுப் போறது ரொம்ப சகஜம். அதனால உங்க கட்டடத்து குப்பைத்தொட்டி, மாடிப்படிக்குக் கீழ, பக்கத்துத் தெருவுல இருக்கற புதர், பஸ் ஸ்டாப் பின்பக்கம் எல்லாத்தையும் இன்னைக்கே போய்ப் பாருங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, கூட்டிப் பெருக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. இதை அனுபவத்துல சொல்றேன். நானும் ஒரு காலத்துல வெளிநாட்டுல இருந்தேன், ரயில்ல கண்ணசந்த நேரத்துல பையை எடுத்துட்டாங்க, அதுல என் பாட்டி கைப்பட எழுதிக் குடுத்த ஒரு நோட்டு இருந்துச்சு. தேடணும்ங்கற யோசனையே எனக்கு நாலாம் நாள்தான் வந்துச்சு. பை ஸ்டேஷனுக்கு வெளிய வேலி ஓரத்துலயே கெடந்துச்சு, நடுவுல ரெண்டு நாள் மழை, நோட்டுல பாதிப் பக்கம் மை கரைஞ்சு ஒண்ணும் படிக்க முடியல. முதல் நாளே போயிருந்தா முழுசா கிடைச்சிருக்கும்னு இன்னைக்கும் நெஞ்சு அடிச்சுக்கும். ஒருவேளை உங்க லெட்டர் ஈரமா கிடைச்சா பிரிக்க முயற்சி பண்ணாதீங்க, ஒட்டிக்கிட்டிருக்கற தாளை இழுத்தா மையோட வந்துடும். அப்படியே ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சுடுங்க, பூஞ்சை பிடிக்காம நிக்கும், அப்புறம் நிதானமா காகிதப் பாதுகாப்பு தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துக்கலாம். நூலகங்கள்ல வெள்ளம் புகுந்தா இதைத்தான் பண்றாங்க.

இப்ப நீங்க கேட்ட முதல் கேள்விக்கு வரேன். தப்பே இல்ல. பொருள்தானேன்னு சொல்றவங்க உங்க மேல அக்கறையாதான் சொல்றாங்க, ஆனா புலம்பெயர்ந்தவங்க வீட்டுல இருக்கற பொருளோட கணக்கே வேறங்கறது அவங்களுக்குத் தெரியல. பிறந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு நினைவு சுவத்துல இருக்கு, தெருவுல இருக்கு, எதிர்ல வர்ற மனுஷங்க முகத்துல இருக்கு, ஒரு வாட்ச் தொலைஞ்சா அப்பா உக்கார்ந்த நாற்காலியாவது அங்க மிச்சம் இருக்கும். நாம 23 கிலோ பெட்டியோட கிளம்பறோம். எடை மெஷின்ல வெச்சுப் பார்த்து ரெண்டு சட்டையை வெளிய எடுத்துப் போட்டுட்டு அந்த இடத்துல இதைத் திணிச்சிருப்பீங்க. அப்படி மத்ததெல்லாம் வேண்டாம்னு விட்டுட்டுப் பொறுக்கி எடுத்துட்டு வந்த நாலஞ்சு பொருள்தான் அங்க உங்க வீடு. அதை அள்ளிட்டுப் போனா அழுகை வராம என்ன செய்யும்?

கிடைக்குமாங்கற கேள்விக்கு, வாட்சைப் பொறுத்தவரை சாத்தியம் உண்டு, ஆனா அது உங்களுதுன்னு நிரூபிக்க முடியணும். போலீஸ்ல "கறுப்பு வார் போட்ட பழைய வாட்ச்" னு குடுத்தா அது ஆயிரம் வாட்சுக்குப் பொருந்தும். 1997-ல திருட்டுப் போற கலைப்பொருளை அடையாளம் காட்டறதுக்குன்னு ஆப்ஜெக்ட் ஐடின்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க. போட்டோ, அளவு, எதால செஞ்சது, மேல என்ன எழுதியிருக்கு, முக்கியமா எங்க கீறல், எங்க ரிப்பேர் பண்ணின தடம். இதே மாதிரி நீங்களும் எழுதுங்க. வாட்ச் ரிப்பேர் பண்றவங்க பல பேர் பின்மூடிக்கு உள்பக்கம் பொடி எழுத்துல ஒரு குறி கீறி வைப்பாங்க, அப்பா வழக்கமா குடுத்த ஆள் யாருன்னு தெரிஞ்சா அவர்கிட்ட கேக்கலாம். அடகுக் கடை, பழைய பொருள் விக்கற இடம், ஆன்லைன் விற்பனை எல்லாத்தையும் கொஞ்ச நாள் விடாம பாருங்க. கண்ணுல பட்டா நீங்களா நேர்ல போய் வாங்கப் பாக்காதீங்க, போலீஸ்கிட்ட சொல்லுங்க.

அடையாளம் தெரிஞ்சா எத்தனையோ வருஷம் கழிச்சும் பொருள் திரும்பி வரலாம். ரோமன் டோட்டன்பர்க்னு ஒரு வயலின் கலைஞர், போலந்துல பிறந்து அமெரிக்காவுல வாழ்ந்தவர். அவரோட ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் (இத்தாலியில செஞ்ச, ரொம்ப விலை போற பழங்கால வயலின்) 1980-ல கச்சேரி முடிஞ்ச கையோட திருட்டுப் போச்சு. 2012-ல தன்னோட 101-வது வயசுல இறந்துட்டார். 2015-ல யாரோ அதை விலை மதிப்பிடக் கொண்டு வந்தப்ப நிபுணர் அடையாளம் கண்டுபிடிச்சார், மகள்கள் கைக்குப் போச்சு. 35 வருஷம். அந்த மனுஷன் ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கக் கூடாதான்னு எனக்கு இப்பவும் தோணும்.

இன்சூரன்ஸ் இருந்தா ஒரு விஷயம் கவனிங்க. (வீட்டுக்காரர் போட்ட இன்சூரன்ஸ் பொதுவா கட்டடத்துக்குத்தான், வாடகைக்கு இருக்கறவங்க சாமானுக்கு இல்ல.) பணம் வாங்கிட்டா பின்னாடி பொருள் கிடைச்சாலும் அது பெரும்பாலும் கம்பெனிக்குத்தான் சொந்தம். மின்-ஜின் கிம்ங்கற வயலின் கலைஞருக்கு இதுதான் நடந்துச்சு, 2010-ல லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன்ல திருட்டுப் போன 1696-ஆம் வருஷத்து வயலின் 2013-ல கிடைச்சது, ஆனா இன்சூரன்ஸ் பணத்துல வேற வயலின் வாங்கிட்டதால அதைத் திரும்ப எடுத்துக்க முடியாம ஏலத்துக்குப் போயிடுச்சு. அதனால கிடைச்சா பணத்தைக் குடுத்துட்டு நானே எடுத்துக்கலாமான்னு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.

பாஸ்போர்ட், போன் பத்தி சுருக்கமா. போலீஸ் ரிப்போர்ட் நகலோட தூதரகத்துக்குப் போங்க. திருட்டுன்னு பதிஞ்ச பாஸ்போர்ட் அப்புறம் கிடைச்சாலும் அதுல பயணம் பண்ணாதீங்க, எல்லையில மாட்டும். போன்ல இருந்தது ஊர் சிம்மா இருந்தா முதல்ல அதை பிளாக் பண்ணுங்க, பேங்க் ஓடிபி எல்லாம் அதுக்குத்தானே வருது. போனை உங்க ஆப்பிள் இல்ல கூகுள் அக்கவுண்ட்ல இருந்து நீக்காதீங்க, நீக்கினா பூட்டு போயிடும். "உங்க போன் கிடைச்சிருக்கு, இந்த லிங்க்கை அழுத்துங்க" ன்னு மெசேஜ் வந்தா தொடாதீங்க, பாஸ்வேர்டைப் பிடுங்க அதே ஆளுங்கதான் அனுப்புவாங்க.

அம்மாகிட்ட சொல்லுங்க. இந்த வாரமே சொல்லுங்க. வருத்தப்படுவாங்கன்னு மறைக்கறீங்க, எனக்குப் புரியுது, ஆனா அந்த வாட்சை உங்களைவிட அதிக வருஷம் பாத்தவங்க அவங்கதான். எந்தக் கண்ணாடி எப்ப உடைஞ்சது, யார் மாத்திக் குடுத்தாங்க, எந்த போட்டோவுல அப்பா கையில அது தெளிவா தெரியுது, எல்லாம் அவங்களுக்குத் தெரியும், போலீசுக்குக் குடுக்க உங்களுக்கு இருக்கற நல்ல ஆதாரமே அவங்ககிட்டதான் இருக்கு. அதுக்கும் மேல, அப்பா எழுதின லெட்டருக்கு நீங்க எழுதின பதில் ஏதாவது அங்க இருக்கானு கேளுங்க. "நீங்க கேட்டிருந்தீங்களே அப்பா" ன்னு நீங்க எழுதின ஒவ்வொரு வரியிலயும் அவர் என்ன கேட்டார்னு இருக்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்கற வரிகளையும் இப்பவே, வரிசை இல்லாம, தப்பா இருந்தாலும் பரவால்லன்னு எழுதி வைங்க, ஆறு மாசம் போனா இதுவும் மங்கிடும்.

முதல்ல எழுந்து அந்த மாடிப்படிக்குக் கீழ பாத்துட்டு வாங்க. பெட்டி கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் எனக்கு ஒரு வரி போடுங்க.

அக்கா