கணவர் வாங்கிச் சேர்க்கும் பழைய காதல் காமிக்ஸ்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். என் கணவர் மென்பொருள் பொறியாளர், வயது 44. மதுரையில் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர். இங்கே வந்தபின் சில வருடங்களாக அமெரிக்காவின் பழைய காதல் காமிக்ஸ் புத்தகங்களைச் சேர்க்கிறார். 1947-லிருந்து 1977 வரை வந்தவை மட்டும்தான் வேண்டுமாம். பேஸ்மென்ட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார். போன மாதம் ஒரே ஒரு புத்தகத்துக்கு 900 டாலர் கொடுத்தது, கிரெடிட் கார்டு பில் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டால் "இது முதலீடு" என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, அழுகிற பெண் படம் போட்ட அட்டைகளைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு ஏதாவது மனக்குறையா?" என்று கேட்கிறார். 13 வயது மகள் வேறு அவற்றை எடுத்துப் படிக்கிறாள். நான் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அந்த அட்டைகளை வைத்து மாப்பிள்ளையின் மனதை எடை போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கண்ணில் நீர் தளும்ப நிற்கும் பெண் அந்தக் காமிக்ஸ்களின் வழக்கமான அட்டைப்படம். அந்தக் காலத்தில் அவற்றை வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். இன்று தேடி வாங்குகிறவர்களில் ஆண்கள், பெண்கள், ஓவியர்கள், சமூக வரலாறு படிப்பவர்கள் என்று எல்லோரும் உண்டு.

கவலைக்கு உரியது வேறொன்று. 900 டாலர் செலவானது பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது. ஆனால் அதைப் பேச உட்காரும் முன் அவர் எதை வாங்குகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாமல் பேசினால் "இந்தக் குப்பையை எல்லாம்" என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிடும். அப்புறம் பேச்சு பணத்தைப் பற்றி இருக்காது.

கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியபோது சூப்பர் ஹீரோ மோகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பெண்கள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே சொல்வது போன்ற கதைகள் வரும் பத்திரிகைகள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. அதையே படக்கதையாகக் கொடுக்கலாம் என்று இருவரும் 1947-இல் 'யங் ரொமான்ஸ்' இதழைத் தொடங்கினார்கள். முன்பணம் வேண்டாம், லாபத்தில் பாதி வேண்டும் என்று பதிப்பாளரிடம் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் இதழில் அச்சடித்ததில் 92 சதவீதம் விற்றுவிட்டது. அவ்வளவுதான், ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள். 1950 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகள், விலை 10 சென்ட். அவ்வளவையும் சந்தை தாங்கவில்லை. சீக்கிரமே பல தலைப்புகள் நின்றுபோயின.

அத்தனை லட்சம் பிரதிகள் அச்சாகியும் இன்று நல்ல பிரதி கிடைப்பது ஏன் கஷ்டம்? யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. படித்துவிட்டுத் தோழியிடம் கொடுத்தார்கள், அவள் தங்கையிடம் கொடுத்தாள். விளம்பரக் கூப்பனைக் கத்தரித்து எடுத்தார்கள். கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில் பழைய காமிக்ஸ் வியாபாரம் தலையெடுத்தபோதும் சேகரிப்பவர்கள் சூப்பர் ஹீரோக்களின் பின்னால்தான் ஓடினார்கள். காதல் காமிக்ஸை வெகுநாள் யாரும் மதிக்கவில்லை. தாளும் மட்டமான செய்தித்தாள் ரகம். அதிலிருக்கும் அமிலமே அதைப் பழுப்பாக்கி, ஓரத்தை நொறுங்க வைத்துவிடும். எழுபது வருடம் கழித்தும் அட்டை பளபளப்பாக, நடுப்பக்கம் கழன்றுவிடாமல் ஒரு பிரதி கையில் கிடைத்தால் சேகரிப்பவருக்கு ஏன் கை நடுங்குகிறது என்று இப்போது புரியும்.

அபூர்வம் என்பது மட்டும் காரணம் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டிகளில் செயின்ட் ஜான் என்ற பதிப்பகத்தின் 'டீன்-ஏஜ் ரொமான்சஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அட்டையை வரைந்தவர் மாட் பேக்கராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைக் கொஞ்ச நேரம் நிதானமாகப் பாருங்கள். பாவாடையின் மடிப்பு, ஸ்வெட்டர் தோளில் விழும் சுருக்கம், எதையோ சொல்ல வந்து நிறுத்திய உதடு. அவர் வரைந்த பெண்கள் வெறும் அழகுப் பொம்மைகள் இல்லை, ஏதோ யோசித்துக்கொண்டிருப்பவர்கள். அமெரிக்கக் காமிக்ஸ் துறையில் பெயர் தெரிய வந்த முதல் கறுப்பின ஓவியர்களில் ஒருவர் அவர். 1959-இல், 37 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருடைய படத்தை ரசித்து 10 சென்ட் கொடுத்த பெண்களில் பெரும்பாலோருக்கு, வரைந்தது யார் என்று தெரிந்திருக்க வழியில்லை. இன்று அவர் வரைந்த அட்டைகளுக்குத்தான் போட்டி அதிகம். என்னைக் கேட்டால், அந்தப் போட்டி நியாயமானதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950-இல் பாசெட் என்ற பதிப்பகம் 'நீக்ரோ ரொமான்ஸ்' என்று மூன்றே மூன்று இதழ்கள் வெளியிட்டது. கறுப்பினத்தவரைக் கேலிப் பொருளாக வரைவது சகஜமாக இருந்த காலத்தில், படித்த, வேலை பார்க்கும், காதலிக்கும் கறுப்பின இளைஞர்களைக் கண்ணியமாகக் காட்டியவை அவை. மிகவும் அரிது. கிடைத்தால் விலையும் அதற்கேற்ப இருக்கும்.

அப்புறம் ஓவிய உலகத்துக் கதை ஒன்று இருக்கிறது, கணவர் கட்டாயம் சொல்லியிருப்பார். 1962-இல் 'சீக்ரெட் ஹார்ட்ஸ்' இதழின் 83-ஆம் எண்ணில் டோனி அப்ருஸோ என்ற ஓவியர் ஒரு காட்சி வரைந்தார்: தண்ணீரில் மூழ்கும் பெண், பின்னால் கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கும் காதலன். காலில் தசைப்பிடிப்பு வந்தாலும் சரி, அவனைக் கூப்பிட மாட்டேன் என்று நினைக்கிறாள். ராய் லிச்டன்ஸ்டைன் என்ற புகழ்பெற்ற ஓவியர் அடுத்த வருடம் அதைப் பெரிய ஓவியமாக்கினார். காதலனையும் படகையும் வெட்டினார், தசைப்பிடிப்பை எடுத்துவிட்டார், காதலன் பெயரைக்கூட மாற்றினார். அந்த ஓவியம் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காதல் காமிக்ஸ் கட்டத்திலிருந்து அவர் எடுத்த வேறொரு ஓவியம் 2010-இல் 4 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. மூலக் கட்டங்களை வரைந்தவர்களுக்கு அதில் ஒரு பைசா கிடையாது, வெகுகாலம் பெயர்கூட இல்லை. இந்த அநியாயம் எனக்கு உறுத்தும். அந்தப் பழைய இதழைத் தேடி வாங்குபவர்கள் அப்ருஸோவின் பெயரையாவது காப்பாற்றுகிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம்.

'முதலீடு' என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 1970-களில் வந்த சார்ல்டன் போன்ற மலிவுப் பதிப்பகங்களின் சாதாரண இதழ்கள் இன்றும் சில டாலருக்கே கிடைக்கின்றன. ஆயிரம் டாலர் தாண்டுவது பேக்கர் அட்டைகள், நல்ல நிலையில் உள்ள ஆரம்பகால இதழ்கள் என்று ஒரு சின்ன வட்டம்தான். அவற்றையும் விற்கப் போனால் கடைக்காரர் பெரும்பாலும் பாதி விலைக்கும் கீழேதான் கேட்பார். ஏலத்தில் விட்டால் கமிஷன் போகும். லாபம் வந்தால் அமெரிக்காவில் சேகரிப்புப் பொருளுக்கு வரி 28 சதவீதம் வரை போகலாம், பங்குகளைவிட அதிகம். கோவிட் காலத்தில் எகிறிய பழைய காமிக்ஸ் விலைகளில் பல அப்புறம் இறங்கிவிட்டன. பிடித்திருக்கிறது, அதனால் வாங்குகிறேன் என்று அவர் சொன்னால் அது மரியாதையான காரணம். மகளின் கல்லூரிச் செலவுக்கு இது உதவும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான் ஒன்றே ஒன்று பார்ப்பேன்: அவர் படிக்கிறாரா? வாங்கியதைத் திறந்து, இந்தக் கதை அந்தக் கதை என்று வித்தியாசம் சொல்லத் தெரிந்தால் அது ரசனை. பார்சல் வந்ததும் பிரிக்காமல் பெட்டிக்குள் போகிறது, அன்றைக்கே அடுத்ததற்கு ஏலம் கேட்கிறார் என்றால் வாங்குவதில் கிடைக்கும் வேகத்துக்குத்தான் பழகிவிட்டார். அப்படித் தெரிந்தால் கறாராகப் பேச வேண்டியதுதான். முதலாவது என்றால் இரண்டு ஏற்பாடு போதும். மாதத்துக்கு இவ்வளவு என்று இருவரும் சேர்ந்து ஒரு தொகை வையுங்கள். அதைத் தாண்டிய எந்தப் புத்தகமும் இருவருக்கும் தெரிந்துதான் வாங்க வேண்டும். பெரிதாக ஒன்று வேண்டுமென்றால் இருப்பதில் நான்கை விற்கட்டும். பல பழைய சேகரிப்பாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த 900 டாலர் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எதற்காக இதுதான் வேண்டும் என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லி முடிக்கட்டும், குறுக்கே பேசாதீர்கள். கூடவே நீங்களும் சில விஷயங்கள் பாருங்கள்: நடுத்தாள் காணாமல் போயிருக்கிறதா, பின் துருப்பிடித்திருக்கிறதா, ஏதாவது பக்கத்தில் கூப்பன் கத்தரித்த ஓட்டை இருக்கிறதா, அட்டையில் உதிர்ந்த நிறத்துக்கு மேல் யாராவது மை தீட்டியிருக்கிறார்களா, ஓரம் வெட்டிச் சீராக்கப்பட்டிருக்கிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை பாதியாகிவிடக்கூடும். விற்றவர் அதைச் சொல்லாமல் விற்றிருந்தால் திருப்பிக் கேட்கலாம். இதையெல்லாம் நீங்கள் கவனிப்பதைப் பார்த்தால் அவரும் பில்லைப் பற்றிப் பேசத் தயங்க மாட்டார்.

மகள் படிக்கட்டும். ஆபாசம் என்று பயப்பட அவற்றில் ஒன்றும் இல்லை, முத்தத்தோடு சரி. ஆனால் எந்த வருடத்து இதழ் என்று பாருங்கள், ஏனென்றால் 1954 ஒரு பெரிய கோடு. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அந்த வருடம் அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே தணிக்கை விதிகள் எழுதிக்கொண்டார்கள். காதல் கதை என்றால் குடும்பத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும், விவாகரத்தை விரும்பத்தக்கதாகக் காட்டக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. அதற்கு முன்பு, செயின்ட் ஜான் இதழ்களுக்கு டேனா டச் என்பவர் எழுதிய கதைகளில் பெண்கள் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வெளியே போவார்கள், தப்பான ஆளை நம்புவார்கள், தாங்களே யோசித்துத் திரும்பி வருவார்கள். கதை அவர்களைத் தண்டிக்காது. 1954-க்குப் பின் வந்த பலவற்றில், நல்ல பெண்ணுக்கு முடிவு கல்யாணம், வேலைக்குப் போகும் ஆசைக்கு முடிவு கண்ணீர். இரண்டு காலத்திலும் கதாநாயகன் கையைப் பிடித்து இழுத்து முத்தமிடுவதையே காதல் என்று காட்டும் கதைகள் உண்டு. பெண்ணே 'நான்' என்று சொல்வது போல எழுதினாலும் எழுதியவர்களும் வரைந்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். 13 வயதுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது, பக்கத்தில் நீங்கள் இருந்தால். ஒரு கதையை முடித்ததும் "இவள் ஏன் மன்னித்தாள்? நீயா இருந்தால்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலில் இன்னும் நிறையத் தெரியவரும்.

மூலப் பிரதியை அவள் கையில் கொடுக்க அப்பா தயங்கினால் அது நியாயம்தான். சைமன், கிர்பி கதைகளின் தொகுப்பு நல்ல தாளில் மறுபதிப்பாக வந்திருக்கிறது, நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1950-களின் தொடக்கத்தில் வந்த பல இதழ்களின் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

கடைசியாக, அந்தப் பேஸ்மென்ட். காகிதத்துக்கு அதைவிடக் கெட்ட இடம் வீட்டில் பரணாகத்தான் இருக்கும். ஈரம் ஏறினால் பின் துருப்பிடிக்கும், பூஞ்சை வரும், வெள்ளிப்பூச்சி அட்டையை அரிக்கும். வீட்டுக்குள், வெயில் படாத ஒரு உள் அலமாரிக்குப் பெட்டிகளை மாற்றச் சொல்லுங்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் கவர் கூடாது. மைலார் என்ற பாலியெஸ்டர் உறையும், பின்னால் அமிலம் இல்லாத அட்டையும் வேண்டும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, வாங்கிய விலையோடு ஒரு பட்டியல் போடுங்கள். வீட்டுக் காப்பீடு இப்படிப்பட்ட சேகரிப்புக்கு எவ்வளவு வரை தரும் என்று கேட்டு வையுங்கள். பட்டியல் போடும் வேலையை நீங்களே எடுத்துக்கொண்டால் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். உங்கள் ஊரில் ஜூன் பிறந்தால் பேஸ்மென்ட் நசநசவென்று ஆகிவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள்.