டிரேட் ஆன குவாட்டர்பேக்கின் பெயர் பழைய அணியின் சம்பளக் கணக்கில் ஏன் நிற்கிறது?

கேள்வி இது: 2022 மார்ச்சில் அமெரிக்க ஃபுட்பால் அணியான அட்லாண்டா ஃபால்கன்ஸ், தன் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேட் ரயனை இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுக்கு டிரேட் செய்தது, அதாவது ஒப்பந்தத்தோடு கைமாற்றியது. அப்படியும் அந்த வருடம் அட்லாண்டாவின் சம்பள வரம்பில் அவர் பெயரில் 40.5 மில்லியன் டாலர் போனது. வேறு அணிக்கு ஆடுபவருக்கு இவர்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

ரயன் 2008-ல் வந்ததிலிருந்து நான் ஃபால்கன்ஸ் ரசிகன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த 40.5 மில்லியனை அட்லாண்டா 2022-ல் கொடுக்கவில்லை. முந்தைய வருடங்களிலேயே அவர் கைக்குப் போய்விட்ட பணம் அது. கணக்கில் எழுதாமல் வைத்திருந்த பாக்கிதான் அந்த வருடம் வந்து விழுந்தது.

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்-லில் ஓர் அணி ஒரு வருடத்தில் வீரர்களுக்காக எவ்வளவு கணக்கு எழுதலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 2022-ல் அது 208.2 மில்லியன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது தரும் சைனிங் போனஸை மட்டும் ஒப்பந்தக் காலம் முழுக்கச் சமமாகப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் 5 வருடங்களுக்கு. ரயனின் 2018 ஒப்பந்தத்தில் போனஸ் 46.5 மில்லியன், எனவே வருடத்துக்கு 9.3. வீரரை டிரேட் செய்தால், இனி வரவிருக்கும் பங்குகள் எல்லாம் மொத்தமாக அந்த வருடக் கணக்கில் ஏறிவிடும். டெட் மணி என்கிறார்களே, அது இதுதான்.

46.5-ன் கடைசிப் பங்கு 2022-ல் 9.3 தான் என்றால், 40.5 எங்கிருந்து வந்தது? நடுவில் அணி செய்த ஒப்பந்த மாற்றங்களிலிருந்து. வரம்பில் இடம் இல்லாதபோது, வீரரின் சம்பளத்தை போனஸாக மாற்றி அடுத்த வருடங்களுக்குத் தள்ளுவார்கள். 2021-ல் கோவிட் காரணமாக லீகின் வரம்பே 198.2-லிருந்து 182.5 மில்லியனுக்கு இறங்கியது. அப்போது அட்லாண்டா ரயனின் சம்பளத்தில் 21 மில்லியனை போனஸாக மாற்றி மூன்று வருடங்களுக்குப் பிரித்தது. அந்த வருடம் 14 மில்லியன் இடம் கிடைத்தது, அடுத்த இரண்டு வருடங்களின் தலையில் தலா 7 மில்லியன் ஏறியது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து 2022-க்கு 24.9, 2023-க்கு 15.6 என்று ஆகியிருந்தது. இரண்டையும் கூட்டினால் 40.5. வரம்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு!

சரி, வைத்துக்கொண்டிருந்தால்? 24.9-உடன் அந்த வருடச் சம்பளம் 23.75 சேர்ந்து 48 மில்லியனைத் தாண்டியிருக்கும். டிரேட் செய்ததால் சம்பளம் கோல்ட்ஸ் தலையில் போனது. அட்லாண்டாவுக்கு 2022-லேயே சுமார் 8 மில்லியன் மிச்சம். டெட் மணியை டிரேடின் விலையாகப் பார்ப்பது தவறு என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அந்தப் பாக்கியை உண்டாக்கியது டிரேட் இல்லை, பழைய ஒப்பந்த மாற்றங்கள்.

ஜூன் 1-க்குப் பிறகு டிரேட் செய்தால் அந்த வருடப் பங்கு மட்டும் இப்போதும், மீதி அடுத்த வருடமும் ஏறும். 2021-ல் பந்து பிடிக்கும் நட்சத்திர வீரர் ஜூலியோ ஜோன்ஸை டென்னஸி அணிக்கு அனுப்பியபோது இதே அட்லாண்டா அப்படித்தான் காத்திருந்தது. விளைவு, 2022 கணக்கில் அவர் பெயரிலும் 15.5 மில்லியன். ரயன் விஷயத்தில் காத்திருக்க வழியில்லை. மார்ச்சிலேயே அவருக்கு 7.5 மில்லியன் ரோஸ்டர் போனஸ் (அணியில் நீடித்தால் தரும் தொகை) தர வேண்டியிருந்தது. அப்புறம், குவாட்டர்பேக் தேவைப்படும் அணி ஜூன் வரை காத்திருக்காது. ஒரே வருடத்தில் அடியை வாங்கிக்கொண்டதே சரி என்பது என் கருத்து. 2023-ல் ரயன் பெயரில் ஒரு டாலர்கூட இல்லை. அந்த வருடம்தான் தற்காப்பு வீரர் ஜெஸ்ஸி பேட்ஸை 4 வருடங்களுக்கு 64 மில்லியனில் எடுக்க முடிந்தது. ஆட்டக் கணக்கு மட்டும் மாறவில்லை: 2021, 2022, 2023 மூன்றிலும் 7 வெற்றி, 10 தோல்வி. அது இன்னும் வலிக்கிறது.

டிரேடையும், ஒப்பந்தத்தை முறித்து வீரரை வெளியேற்றுவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டென்வர் அணி 2024-ல் குவாட்டர்பேக் ரஸல் வில்சனை வெளியேற்றியபோது டெட் மணி 85 மில்லியன், இரண்டு வருடங்களுக்குப் பிரித்து. டிரேட் செய்திருந்தால் உத்தரவாதம் கொடுத்திருந்த சம்பளம் புது அணிக்குப் போயிருக்கும். வெளியேற்றியதால் அதுவும் டென்வர் தலையிலேயே நின்றது.

அந்தச் சம்பளச் சுமையை ஏற்க எந்த அணியும் தயாராக இல்லாவிட்டால், உடன் டிராஃப்ட் வாய்ப்பையும் (புது வீரர்களைச் சுற்று முறையில் தேர்ந்தெடுக்கும் உரிமை) சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். 2017-ல் ஹூஸ்டன் செய்தது அது. குவாட்டர்பேக் பிராக் ஆஸ்வைலருக்கு உத்தரவாதம் தந்திருந்த 16 மில்லியனைக் கைமாற்ற, 2018-ன் இரண்டாம் சுற்று வாய்ப்பையே கிளீவ்லண்டுக்குக் கொடுத்தது. ஹூஸ்டனுக்கு 9 மில்லியன் டெட் மணி, 10 மில்லியன் மிச்சம். கிளீவ்லண்ட் ஆஸ்வைலரை சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது. ஆனால் அந்த வாய்ப்பில் அவர்கள் எடுத்த வீரர், பின்னாளில் நட்சத்திர ரன்னிங் பேக்காக (பந்தோடு ஓடுபவர்) வளர்ந்த நிக் சப்.